பெயர், பாஸ் புத்தகம், பாட்டு: கறுப்பின நாடகங்களில் இருத்தலின் கேள்வி

கேள்வி இது: பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தில், வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் இரண்டு நாடோடிகளுக்கு நிறமில்லை, நாடில்லை, அதனால்தான் அவர்களுடைய தவிப்பு எல்லா மனிதருக்கும் பொதுவாகிறது. கறுப்பின எழுத்தாளர்களின் நாடகங்களில் வரும் தவிப்போ இனவெறியால் விளைந்தது. சட்டம் மாறினால் தீர்ந்துவிடக்கூடியது. அதை இருத்தலியல் போராட்டம், அதாவது மனித இருப்பின் அர்த்தத்தையே தேடும் போராட்டம், என்று ஏன் சொல்ல வேண்டும், சமூகச் சிக்கல் என்று சொன்னால் போதாதா?

போதாது என்பதே என் பதில். ஆனால் அதற்கான காரணத்தை நேராகச் சொல்லிவிட முடியாது. சில நாடகங்களுக்குள் போய்த்தான் காட்ட முடியும்.

முதலில், அந்த நாடோடிகளுக்கு நிறமில்லை என்பது உண்மைதானா? பெக்கெட்டின் பிரதியில் நிறம் குறிப்பிடப்படவில்லை என்பது சரி. ஆனால் பிரதி மேடைக்கு வரும்போது அதை ஓர் உடம்புதான் சுமந்து வர வேண்டியிருக்கிறது, உடம்புக்கு நிறமுண்டு. 1957 ஜனவரியில் நியூயார்க்கின் ஈதல் பாரிமோர் அரங்கில் இந்த நாடகத்தைக் கறுப்பின நடிகர்கள் நடித்தார்கள். சில நாட்களே ஓடியது. 1980-ல் கேப்டவுனின் பாக்ஸ்டர் அரங்கில் ஜான் கனியும் வின்ஸ்டன் இன்ட்ஷோனாவும் அந்த இரண்டு நாடோடிகளாக நின்றார்கள். அந்த வழியாக வரும் நிலக்கிழார் போஸோவாக நடித்தவர் வெள்ளைக்காரர். முதல் அங்கத்தில் போஸோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரையும் உற்றுப் பார்த்து, என்ன இருந்தாலும் நீங்களும் மனிதர்கள்தான், என்னுடைய இனத்தைச் சேர்ந்தவர்கள்தான் என்று சொல்லிச் சிரிக்கிற இடம் ஒன்று உண்டு. பாரிஸில் 1953-ல் அது ஒரு கசப்பான வேடிக்கை. கறுப்பர்கள் பையில் பாஸ் புத்தகம் (எங்கே இருக்கலாம், எங்கே வேலை செய்யலாம் என்று அரசு முத்திரை குத்தும் அடையாளப் புத்தகம்) இல்லாமல் தெருவில் நடக்க முடியாதிருந்த ஊரில், வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு கறுப்பர்களைப் பார்த்து அதே வரியைச் சொல்லும்போது அது என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிரதியில் ஒரு சொல்லும் மாறவில்லை.

நம்மிடையே இருத்தலியல் என்றதும் ஐரோப்பிய எழுத்தாளர்களான கம்யூவும் சார்த்தரும் காஃப்காவும் நினைவுக்கு வருகிறார்கள்; சிறுபத்திரிகைகள் அவர்கள் வழியாகத்தான் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. சார்த்தர் 1945-ல் பாரிஸில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் காகிதம் வெட்டும் கத்தி ஒன்றை உதாரணமாகக் காட்டுவார். அதைச் செய்பவன் மனத்தில் அது எதற்கு என்ற தீர்மானம் முதலில் இருக்கிறது. கத்தி பிறகுதான் உருவாகிறது. மனிதன் அப்படியல்ல, அவனுக்கு முன்கூட்டிய தீர்மானம் எதுவுமில்லை, அவன் முதலில் இருக்கிறான், பிறகே தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்பது அவர் வாதம்.

அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுவரப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்கு இந்த வாதம் எப்படிக் கேட்டிருக்கும்? அவர்களைப் பொறுத்தவரை தீர்மானம்தான் முதலில் வந்தது. எந்த வேலைக்கு, என்ன விலைக்கு, யாருடைய குடும்பப்பெயரில் என்பதெல்லாம் பிறப்பதற்கு முன்பே எழுதியாகிவிட்டது. சார்த்தர் ‘மனிதன் இதுவல்ல’ என்று காட்டிய அந்தக் கத்தியாகவே அவர்கள் நடத்தப்பட்டார்கள். ஆகவே, ஐரோப்பிய நாயகன் உலகில் அர்த்தம் எதுவும் இல்லையே என்று திகைக்கிற இடத்தில், கறுப்பின நாயகன் மற்றவர்கள் எழுதிவைத்த அர்த்தங்களின் நெரிசலில் மூச்சுத்திணறி நிற்கிறான். மார்த்தினிக்கில் பிறந்து பிரான்சில் மனநல மருத்துவம் படித்த ஃபிரான்ஸ் ஃபனான் 1952-ல் எழுதிய நூலில், ஒரு வெள்ளைக் குழந்தை தன்னைப் பார்த்து, “அம்மா, அதோ நீக்ரோ, எனக்குப் பயமாயிருக்கிறது” என்று கத்துவதை விவரிக்கிறார். அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவர் யார் என்பது முடிவாகிவிட்டது.

அதே 1952-ல் வெளிவந்த ரால்ஃப் எலிசனின் ‘இன்விசிபிள் மேன்’ நாவல் இதற்கு ஓர் உரைநடை வழியைக் கண்டது: கதைசொல்லிக்குக் கடைசிவரை பெயரே இல்லை. அவன் நியூயார்க்கில் ஒரு நிலவறையில், மின் நிறுவனத்துக்குத் தெரியாமல் இழுத்த மின்சாரத்தில் 1,369 விளக்குகளை எரியவிட்டு உட்கார்ந்திருக்கிறான். யாரும் தன்னைப் பார்ப்பதில்லை என்பவனுக்கு அவ்வளவு வெளிச்சம் தேவைப்படுகிறது. ஆனால் நாவலாசிரியருக்குக் கிடைத்த இந்த வசதி நாடகாசிரியருக்கு இல்லை. மேடையில் யாரும் கண்ணுக்குத் தெரியாதவராக இருக்க முடியாது. அதிலும் அமெரிக்க மேடையில் கறுப்பு முகம் என்பது வெள்ளையர்கள் கரி பூசிக்கொண்டு ஆடிய கேலிக்கூத்திலிருந்து வந்தது; 1910-ல் சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற பெரிய மேடைக்காட்சியில் இடம்பிடித்த பெர்ட் வில்லியம்ஸ், தானே கறுப்பராக இருந்தும், முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் மேடையேறினார். பார்வையாளர் எதிர்பார்த்த கறுப்பராக ஆவதற்கு, பிறந்த நிறம் போதவில்லை. கறுப்பின நாடகாசிரியர் ஒருவர் எழுத உட்காரும்போது இவ்வளவும் அவர் மேசைமேல் கிடக்கிறது. இந்தக் கேள்விக்கு நாவலைவிட நாடகமே கூர்மையான கருவி என்று நான் நினைப்பதற்கும் இதுவே காரணம்.

நான் அதிகம் திரும்பிப் போகிற நாடகம் 1972 அக்டோபரில் கேப்டவுனில் ‘ஸ்பேஸ்’ அரங்கில் முதலில் நிகழ்த்தப்பட்ட ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’. ஆதல் ஃபுகார்ட் என்ற வெள்ளையின நாடகாசிரியரும் மேலே சொன்ன கனியும் இன்ட்ஷோனாவும் சேர்ந்து, பேசிப்பேசி, நடித்துநடித்து உருவாக்கியது. ஆசிரியர் என்று மூவர் பெயரும் இருக்கிறது. அந்நாளைய தென்னாப்பிரிக்காவில் கறுப்பருக்கு ‘நடிகர்’ என்ற தொழிலே அரசுப் பதிவில் கிடையாது. அதனால் அந்த இருவரும் ஃபுகார்டின் வீட்டு வேலைக்காரர்களாகப் பதிவு செய்யப்பட்டிருந்தார்கள். அடையாள அட்டையைப் பற்றிய நாடகத்தை நடித்தவர்களின் அட்டையிலேயே பொய் இருந்தது.

கதை எளியது. போர்ட் எலிசபெத்தின் நியூ பிரைட்டன் குடியிருப்பில் ஸ்டைல்ஸ் என்பவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஃபோர்டு கார் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு வந்தவர். ஒருநாள் புத்தாடை அணிந்த ஒருவர் மனைவிக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்ள வருகிறார். பெயர் கேட்டால் சற்றுத் தயங்கி, ராபர்ட் என்கிறார். அந்தத் தயக்கம்தான் நாடகம். அவர் உண்மையில் சிஸ்வே பான்சி. வேலை தேடி நகரத்துக்கு வந்தவர். அவருடைய பாஸ் புத்தகத்தில் மூன்று நாளில் ஊர் திரும்ப வேண்டும் என்று முத்திரை குத்தியாயிற்று. ஊரில் வேலையில்லை, மனைவியும் நான்கு குழந்தைகளும் இருக்கிறார்கள். அடைக்கலம் கொடுத்த புண்ட்டு என்ற நண்பரோடு குடித்துவிட்டுத் திரும்பும் இரவில், தெருவோரம் சிறுநீர் கழிக்க ஒதுங்கிய புண்ட்டு ஒரு பிணத்தைக் காண்கிறார். பிணத்தின் பையில் பாஸ் புத்தகம். அதில் இந்த நகரத்தில் வேலை தேட அனுமதி. இரண்டு புத்தகங்களிலும் ஒட்டியிருக்கும் படங்களை மாற்றி ஒட்டினால் முடிந்தது: சிஸ்வே செத்துவிடுவார், ராபர்ட் பிழைத்துக்கொள்வார்.

சிஸ்வே மறுக்கிறார். என் பெயரை இழக்க மாட்டேன் என்கிறார். இந்த இடத்தில் ஒரு சாதாரண நாடகம் புண்ட்டுவை நடைமுறைவாதியாகவும் சிஸ்வேயை மானஸ்தராகவும் நிறுத்தி முடித்திருக்கும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. புண்ட்டு கேட்பதன் சாரம் இது: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளைக்காரன் உன்னைப் பார்த்தபோது மானமுள்ள ஒரு மனிதனையா பார்த்தான், எண் போட்ட புத்தகத்தையா? தெருவில் ‘பையா’ என்று உன்னைக் கூப்பிடும்போது உன் பெயர் எங்கே போயிற்று? ஏற்கெனவே பேயாக்கப்பட்டுவிட்ட உனக்கு இன்னொரு பேயின் பெயரில் என்ன தயக்கம்? இதற்குச் சிஸ்வேயிடம் தர்க்கரீதியான பதில் எதுவும் இல்லை. ஆனால் அதற்குச் சற்றுமுன் அவர் குடிபோதையில் உடைகளைக் கழற்றிக்கொண்டு, என்னைப் பாருங்கள், எனக்குக் கண் இருக்கிறது, கால் இருக்கிறது, சிமென்ட் ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவேன், நான் ஆம்பிளை, என்னிடம் என்ன குறை என்று பார்வையாளர்களை நோக்கி அரற்றுகிறார். புத்தகத்துக்கு எதிராக அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி உடம்பு. பிறகு அவர் சம்மதிக்கிறார். செத்தவனின் பெயரையும் அடையாள எண்ணையும், போலீஸ்காரர் கேட்டால் ஒப்பிக்கும்படி, பள்ளிப்பிள்ளை வாய்ப்பாடு படிப்பதுபோலப் புண்ட்டுவோடு பழகிப் பார்க்கிறார். அரங்கம் சிரிக்கும். சிரித்ததற்காக வெட்கப்படவும் வைக்கும்.

தன் பெயரைத் துறப்பதுதான் சிஸ்வேக்குக் கிடைத்த ஒரே சுதந்திரச் செயல் என்பதும், அந்தச் செயலாலேயே அவர் தன்னை இழக்கிறார் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன. சமூகச் சிக்கலைப் பற்றிய நாடகம் என்றால் முதல் பாதியோடு நின்றுவிடும். சிஸ்வே என்றால் ஹோசா மொழியில் தேசம் என்று பொருள் என்பதையும் சேர்த்துத் தலைப்பைப் படித்துப் பார்க்கலாம். 1975-ல் இந்த நாடகத்துக்கும் இதே இருவர் நடித்த ‘தீவு’ நாடகத்துக்குமாக கனியும் இன்ட்ஷோனாவும் அமெரிக்க நாடகத்துறையின் டோனி விருதைச் சிறந்த நடிகருக்காகப் பகிர்ந்துகொண்டார்கள். பாஸ் சட்டங்கள் 1986-ல் ஒழிந்தன. நாடகம் ஒழியவில்லை, 2000-களிலும் அதே இருவர், தலை நரைத்த பிறகு, அதை மீண்டும் நடித்தார்கள்.

சட்டம் மாறினால் தீரும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் 1964-ல் இருக்கிறது. அமெரிக்காவில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது அந்த ஆண்டு ஜூலையில். அதற்குச் சில மாதங்கள் முன்பு, நியூயார்க்கின் சிறு அரங்குகளில், இரண்டு நாடகங்கள் அடுத்தடுத்து வந்தன: ஜனவரியில் ஏட்ரியன் கென்னடியின் ‘ஃபன்னிஹவுஸ் ஆஃப் எ நீக்ரோ’, மார்ச்சில் பின்னாளில் அமிரி பராக்கா என்று பெயர் மாற்றிக்கொண்ட லெராய் ஜோன்ஸின் ‘டச்மேன்’. எந்தச் சட்டமும் எட்டாத இடத்தில் நடப்பவை இரண்டும்.

‘டச்மேன்’ சுரங்க ரயில் பெட்டியில் நடக்கிறது. இருபது வயது கிளே, வெயில் காலத்திலும் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கிறான். முப்பது வயது வெள்ளைக்காரப் பெண் லூலா ஆப்பிளைக் கடித்தபடி வந்து பக்கத்தில் அமர்கிறாள். அவன் வீடு, நண்பர்கள், ஆசைகள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறாள். எப்படித் தெரியும் என்றால், நீ எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரகம் என்கிறாள். கல்லூரியில் தன்னைப் பிரெஞ்சுக் கவிஞர் பாதலேர் என்று எண்ணிக்கொண்டதாகச் சொல்கிற அவனை அவள் சீண்டிச்சீண்டி வெடிக்கவைக்கிறாள். அந்த நீண்ட வசனத்தில் கிளே சொல்வது: கறுப்பின இசைக்கலைஞர்களான பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டும் சார்லி பார்க்கரின் இசையும் கொலைக்குப் பதிலாக வந்தவை, கொன்றிருந்தால் அவர்களுக்கு இசையே தேவைப்பட்டிருக்காது. தானும் கொல்லப்போவதில்லை, சொற்களோடு பத்திரமாக இருந்துவிடுகிறேன் என்று முடிவெடுத்துப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுகிறான். அவள் கத்தியால் குத்துகிறாள். மற்றப் பயணிகள் உடலை வெளியே தள்ளுகிறார்கள். அடுத்த இளைஞன் ஏறுகிறான். கிளே சுதந்திரமாக எடுத்த ஒரே முடிவுக்கு அடுத்த நிமிடம் கத்தி வருகிறது. லூலாவைப் பெண்ணாக எழுதாமல் வெறும் குறியீடாக ஆக்கிவிட்டது இந்த நாடகத்தின் குறை என்று நினைக்கிறேன். மேடையில் அதன் வேகம் அந்தக் குறையை மறைத்துவிடுகிறது.

கென்னடியின் நாடகத்தில் குறியீடுகள் இன்னும் அதிகம், ஆனால் அவை உள்ளே வலிக்கின்றன. சாரா என்ற கறுப்பின மாணவி நியூயார்க்கில் ஓர் அறையில் இருக்கிறாள். அறையில் விக்டோரியா மகாராணியின் சிலை. அவளுக்குள் நான்கு பேர் வாழ்கிறார்கள்: விக்டோரியா, ஐரோப்பிய அரச வம்சமான ஹாப்ஸ்பர்க்கின் சீமாட்டி, ஏசு, 1961-ல் கொல்லப்பட்ட காங்கோ தலைவர் பாட்ரிஸ் லுமும்பா. ராணிகளின் முகம் வெளுப்பாக இருக்கிறது. எல்லோருக்கும் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. கென்னடி 1960-61-ல் கணவரோடு மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தபோதுதான் லுமும்பாவின் கொலைச் செய்தி வந்தது. வெளுத்த தாய்க்கும் கருத்த தந்தைக்கும் பிறந்த சாராவுக்குத் தன் சுருட்டை முடி மட்டுமே தந்தையைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி, அதுதான் உதிர்கிறது. கடைசியில் அவள் தூக்கில் தொங்குகிறாள். வெள்ளைக்கார வீட்டுக்காரி கெக்கலிக்கிறாள். இங்கே வெளியிலிருந்து யாரும் கத்தி எடுத்து வரவில்லை. ஐரோப்பாவை நேசிக்கக் கற்றுக்கொடுத்த படிப்பே போதுமானதாக இருந்தது. தொண்ணூற்றொன்றாவது வயதில், 2022 டிசம்பரில்தான் கென்னடியின் நாடகம் ஒன்று முதன்முறையாக நியூயார்க்கின் பெரிய அரங்குகள் உள்ள பிராட்வேக்கு வந்தது. அதுவும் இதுவல்ல, வேறொன்று.

இவற்றுக்கு முன்னோடியான லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரியின் ‘எ ரைசின் இன் த சன்’ (1959) இன்று பாடப்புத்தகமாகிவிட்டதால் சிலர் அதை மிதவாதக் குடும்பக்கதை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பத்தாயிரம் டாலர் காப்பீட்டுக் காசோலைக்காகக் காத்திருக்கும் சிகாகோக் குடும்பம் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறது. வராதீர்கள், பணம் தருகிறோம் என்று ஒருவர் நயமாகப் பேச வருகிறார். எஞ்சிய பணத்தையும் ஏமாந்து தொலைத்த மகன் வால்ட்டர், அவரிடம் மண்டியிட்டுப் பணம் கேட்பது எப்படி என்று குடும்பத்தார் முன் நடித்துக் காட்டுகிறான்: அந்தப் பழைய கரி பூசிய கோமாளி திரும்ப வருகிறான். பிறகு தன் சிறுவன் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வேடத்தை அவனால் போட முடியாமல் போகிறது. அவர்கள் குடியேறுவது மங்களமான முடிவல்ல என்பது ஹான்ஸ்பெர்ரிக்குத் தெரியும். அவர் சிறுமியாக இருந்தபோது அவர் குடும்பம் அப்படி ஒரு பகுதியில் குடியேறியது. வீட்டின்மேல் கல் விழுந்தது. தாய் இரவெல்லாம் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு காவல் இருந்தார். வழக்கு 1940-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த நாடகமும் அரங்கேறியது அதே ஈதல் பாரிமோர் அரங்கில்தான் என்பது ஒரு தற்செயல்.

1988-ல் அதே மேடைக்கு ஆகஸ்ட் வில்சனின் ‘ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்’ வந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாக வில்சன் எழுதிய பத்து நாடகங்களில் இது 1911-ல், பிட்ஸ்பர்க்கின் ஒரு விடுதியில் நடக்கிறது. அங்கே ஹெரால்ட் லூமிஸ் சிறு மகளோடு வருகிறான். தெருவில் உபதேசித்துக்கொண்டிருந்தவனை ஜோ டர்னர் என்பவன் பிடித்துப்போய் ஏழாண்டுகள் கட்டாய வேலை வாங்கினான். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து பல ஆண்டுகளான பின்பு நடந்தது இது. மீண்டு வந்து காணாமற்போன மனைவியைத் தேடுகிறான். அவளைக் கண்டால் உலகம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும் என்று நம்புகிறான்.

விடுதியில் பைனம் என்ற கிழவர், வேர்ச்சாறும் மந்திரமும் தெரிந்தவர், ஒவ்வொரு மனிதனிடமும் ஒரு பாட்டு உண்டு, உன் பாட்டை நீ மறந்துவிட்டாய், ஜோ டர்னர் விரும்பியது அதைத்தான் என்று லூமிஸிடம் சொல்கிறார். அப்போது லூமிஸ் சொல்லும் ஒரு சின்னத் தர்க்கம் சார்த்தரின் கத்திக்கு நேர்ப்பதில் போல எனக்குத் தோன்றும். நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று டர்னரின் ஆள் சொன்னான். உதவாததைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் அல்லவா, என்னை அவன் எறியவில்லையே, விடமாட்டேன் என்றல்லவா பிடித்துவைத்திருந்தான்? பயன்பாட்டுப் பொருளாக்கப்பட்டவன் அந்தப் பயன்பாட்டின் கணக்கிலேயே பொய்யைக் கண்டுபிடிக்கிறான்.

முதல் அங்கத்தின் முடிவில் எல்லோரும் ஜூபா என்ற ஆப்பிரிக்க வழி நடனத்தை ஆடிக்கொண்டிருக்கும்போது லூமிஸுக்கு ஒரு காட்சி தெரிகிறது: கடலிலிருந்து எலும்புகள் எழுந்து நீர்மேல் நடக்கின்றன, அமிழ்கின்றன, அலை அவற்றைக் கரையில் ஒதுக்குகிறது, அவற்றின்மேல் கருத்த சதை வளர்கிறது, ஒவ்வொன்றாக எழுந்து நடக்கின்றன. அவனும் அவர்களில் ஒருவன். ஆனால் அவன் கால்கள் எழும்ப மறுக்கின்றன. கடல் வழியில் செத்தவர்கள் அவர்கள் என்று நாடகம் எங்கும் விளக்குவதில்லை. இறுதியில் மனைவி கிடைக்கிறாள், ஏசுவின் இரத்தத்தைப் பற்றிப் பேசுகிறாள். அவனோ தன் மார்பைத் தானே கீறி, அந்த இரத்தத்தை முகத்தில் பூசிக்கொண்டு, நான் நிற்கிறேன், என் கால்கள் எழுந்துவிட்டன என்கிறான். ஒரு காலத்தில் கரி பூசப்பட்ட முகத்தில் இப்போது சொந்த இரத்தம்.

கேள்வி கோடோவில் தொடங்கியதால் கோடோவுக்கே திரும்புகிறேன். ஆன்டனெட் இன்வாண்டு எழுதிய ‘பாஸ் ஓவர்’ 2017-ல் சிகாகோவின் ஸ்டெப்பன்வுல்ஃப் அரங்கில் அரங்கேறியது. மோசஸ், கிட்ச் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்கள் தெருமுனை விளக்குக்கம்பத்தின் கீழ் நிற்கிறார்கள், இங்கிருந்து போய்விடுவோம் என்கிறார்கள், போவதில்லை. பெக்கெட்டின் இருவருக்குப் போகாமலிருக்கக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. இவர்களுக்குக் காரணம் போலீஸ் சீருடையில் வந்துபோகிறது. பைபிளில் வரும் ‘வாக்களிக்கப்பட்ட நிலத்தில்’ என்னென்ன வேண்டும் என்று இருவரும் விளையாட்டாகப் பட்டியலிடும் இடத்தில் இரண்டு நாடகங்களின் நகைச்சுவையும் ஒன்றாகவே ஒலிக்கிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பிரிந்துவிடுகிறது. சிகாகோவில் மோசஸ் சுடப்பட்டுச் செத்தான். 2021 ஆகஸ்டில், பெருந்தொற்றுக்குப் பின் பிராட்வேயில் முதலாவதாகத் திறந்த நாடகமாக அது வந்தபோது, இன்வாண்டு முடிவை மாற்றி எழுதியிருந்தார். மேடையில் இன்னொரு கறுப்பு உடல் விழுவதைக் காட்ட அவர் விரும்பவில்லை. அந்த அரங்கின் பெயர் ஆகஸ்ட் வில்சன் அரங்கு. அங்கே மோசஸ் உயிரோடு இருந்தான்.